பிர்குவில் முதல் மழை

டமார்!

துறைமுகத்துக்கு மேலே வானம் இரண்டாகப் பிளந்த மாதிரி ஓர் இடி. ஏப்ரலுக்குப் பிறகு மால்டா தீவு கேட்கிற முதல் இடி. பிர்கு போலீஸ் நிலையத்தின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்து அடங்குவதற்குள் கதவு அதிர்ந்தது. இது இடியல்ல. யாரோ கையால் அறைகிறார்கள்.

நேரம், பிற்பகல் 3.50.

சார்ஜென்ட் டோலோரெஸ் கதவைத் திறந்தாள். ஊன்றுகோலோடு ஒரு மனிதர் நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என் சம்சாரத்தைக் காணோம்."

சிசிலிக்காரர். இரண்டு தீவுக்கும் நடுவே கொஞ்சம் கடல்தான். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிக்கு மேல் புரியும்.

"பேரு?"

"அவ பேரு நுன்சியா. நான் கயெத்தானோ. அவளுக்கு வயசு அம்பத்திரெண்டு. சிவப்புத் தொப்பி போட்டிருப்பா."

"கடைசியா எங்க பார்த்தீங்க?"

"கப்பல்துறை காபிக்கடையில. எனக்கு முட்டிவலி, உட்கார்ந்துட்டேன். அவ மட்டும் ஊர் சுத்திப் பாக்கற கூட்டத்தோட போனா. பதினொரு பேர் போனாங்க. பத்து பேர்தான் திரும்பி வந்தாங்க."

கான்ஸ்டபிள் பொலிதானோ கொட்டாவியை விழுங்கினான். "எங்கயாவது கடைக்குள்ள இருப்பாங்க சார். இந்தச் சந்துகள்ல தினம் ரெண்டு பேர் வழி தெரியாம சுத்துவாங்க."

"முப்பது வருஷத்துல அவ ஒரு தடவை கூட என்னைக் காக்க வச்சதில்ல" என்றார் கயெத்தானோ. "நான்தான் அவளைக் காக்க வைப்பேன்."

டோலோரெஸ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மணி 4.05. ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டி ஃபெலிச் நிலையத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"கடைசியா எப்ப எண்ணின?"

"கேப்டன் இன்யாசியு சேத்து வச்ச பழம்பொருளைப் பாக்க அவர் வீட்டுக்குள்ள போறப்ப மேடம். ரெண்டு மணி. பதினொண்ணு இருந்துச்சு."

"வெளிய வர்றப்ப?"

"எண்ணல. போன் வந்துச்சு."

"அப்புறம்?"

"பக்கத்துல லொரென்ஸ் அண்ணனோட பழம்பொருள் கடை. அப்புறம் கோட்டை மதில். மூணேகாலுக்குக் கப்பல்துறையில எண்ணினா பத்து."

"அந்தம்மா எப்படி?"

"கேள்வி கேட்டே ஆளைக் கொல்ற ரகம். வெள்ளிச் சாமான் ரிப்பேர்தான் தொழிலாம். வெள்ளி எங்க இருந்தாலும் மூக்கை ஒட்ட வச்சுக்கிட்டு நிப்பாங்க."

பொலிதானோ குறுக்கிட்டான். "எட்டு வருஷம் முன்னாடி டூரிஸ்ட் ஒருத்தர் பர்ஸை அடிச்சிட்டு உள்ள போனது யாருப்பா?"

"நான்தான். இன்னும் எத்தனை தடவைய்யா அந்த ஒரே பர்ஸுக்கு உள்ள போகணும்?"

பொலிதானோவின் போன் அலறியது. அம்மா. அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"இடி கேட்டுச்சாடா? மாடியிலேருந்து கிணத்துக்கு இறங்கற குழிக்குத் துணி அடைச்சியா?"

"அம்மா, டூட்டில இருக்கேன்."

"டூட்டி கெடக்குது. கோடைத் தூசியும் புறா எச்சமும் முதல் மழையிலேயே கிணத்துக்குள்ள இறங்கட்டும், வருஷம் முழுக்க நீ குடி! துணி அடைச்சா அழுக்குத் தண்ணி தூம்பு வழியா தெருவுக்குப் போயிடும். மாடி சுத்தமானப்புறம் எடுத்துவிட்டா போதும். இதைக்கூட நான் சொல்லணுமா?"

"என் வீட்டுக் குழியையும் அடைச்சிடச் சொல்லு" என்றபடி டோலோரெஸ் வெளியே நடந்தாள்.

சந்தின் இருபுறமும் மொட்டை மாடிகளில் விளக்குமாற்றுச் சத்தம். பெண்கள் துணிகளை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். மேகம் கூரைகளின் மேல் கறுப்புப் போர்வையாக இறங்கியிருந்தது. காற்று மட்டும் அசையவே இல்லை.

மணி 4.20.

கேப்டன் இன்யாசியு கதவைத் திறந்தார். எழுபத்தொரு வயது. திருவிழாக் கமிட்டித் தலைவர். ஊரில் அவரைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றாத ஆண்பிள்ளை கிடையாது. டோலோரெஸின் அப்பாவோடு ஒரே கப்பலில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்துதான் அவள் ஊர்வலம் பார்த்தாள்.

"டோலி! வா வா. மழைக்கு முன்னாடி வந்துட்ட" என்றார். குரல் தேவைக்கு மேலே பெரிதாக இருந்தது. வயதாகி வருகிறது, காது மந்தமாகியிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முற்றத்தில் உட்கார்ந்தார்கள். கிணற்றின் கல்மூடி மேல் நான்கு ஜெரேனியம் தொட்டிகள். பக்கத்தில் வாளி.

"போலீஸ் விஷயமாத்தான் வந்தேன் மாமா. சிவப்புத் தொப்பி போட்ட சிசிலி அம்மாவைக் காணோம்."

"நல்லா ஞாபகம் இருக்கே. கடைசியா வெளிய போனது அவங்கதான். ரெண்டு முப்பத்தஞ்சு. நானே கதவைச் சாத்தினேன்."

"எந்தப் பக்கம் போனாங்க?"

"கடலைப் பாக்கணும்னாங்க. கையைக் காட்டினேன்."

"அப்புறம் நீங்க வெளிய போனீங்களா மாமா?"

"ரொட்டிக்கு. மூணு மணிக்குத்தானே சூடா எடுப்பான். ஒரு துண்டு சாப்பிடறியா?"

"தண்ணி போதும். உங்க கிணத்துத் தண்ணி."

அது ஊரறிந்த விஷயம். குழாய்த் தண்ணீரில் தன் செருப்பைக்கூடக் கழுவமாட்டேன் என்பார் கேப்டன். அந்த வீட்டுக்கு யார் போனாலும் முதலில் ஒரு டம்ளர் கிணற்று நீர், பிறகுதான் பேச்சு. இன்று உள்ளே போனவர் பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்தார். மூடி நொறுக்கென்று திறந்தது.

"வாளிக் கயிறு அறுந்துபோச்சு டோலி."

டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்துக்கொண்டே திறந்திருந்த கதவு வழியாக அறைக்குள் பார்த்தாள். கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டு காலி. தூசிக்கு நடுவே நீளவட்டமாக ஒரு சுத்தமான இடம்.

"அது பாலிஷ் போடக் குடுத்திருக்கேன்" என்றார், அவள் கேட்காமலேயே.

"மாடி வேலை ஆச்சா மாமா?"

"காலையிலேயே பெருக்கி, குழிக்குத் துணி அடைச்சு இறங்கிட்டேன். நான் எந்த வருஷம் மறந்திருக்கேன்?"

மணி 4.40. லொரென்ஸ் தன் கடை வாசலில் ஓட்டை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"சிவப்புத் தொப்பியா? யார் கண்டா? அந்தக் கூட்டம் வந்தா எல்லாத்தையும் தடவிப் பாக்கும், ஒண்ணும் வாங்காது."

"நாற்காலியை உள்ள எடு. நனையும்."

"நனைஞ்சா இன்னும் பழசா தெரியும் சார்ஜென்ட். விலை ஏறும்."

அவள் சிரிக்கவில்லை. கப்பல்துறைப் பக்கம் யாரோ ஓலமிட்டார்கள்.

மணி 4.55. படித்துறையின் கடைசிப் படியில் சிவப்புத் தொப்பி கிடந்தது. அரை அடி தள்ளிக் கறுத்த தண்ணீர். கயெத்தானோ தொப்பியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடலைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்று தடவை.

தலைமையகத்து இன்ஸ்பெக்டர் போனில் கத்தினார். "அந்தப் பழைய திருடனை உள்ள போடுங்க. முக்குளிக்கிறவங்களை அனுப்பறேன்."

கூட்டம் ஃபெலிச்சைச் சூழ்ந்தது. யாரோ அவன் சட்டையைப் பிடித்தார்கள். பொலிதானோ நடுவில் புகுந்து அவனை இழுத்துக்கொண்டு ஓடினான்.

டோலோரெஸ் மட்டும் படியிலேயே நின்றாள். கடலுக்குள் போனவளாக இருந்தால் தேட உடல்தான் மிச்சம். இல்லையென்றால் அவள் எங்கோ, ஏதோ ஒரு சுவருக்குப் பின்னால், இந்த நிமிஷம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டில் எது அதிக பயம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மணி 5.10. மழை விழுந்தது.

தூறல் கிடையாது, ஒரே கொட்டு. ஆறு மாத வறட்சிக்கு வட்டியும் முதலுமாகக் கொட்டியது. பொலிதானோ திரும்பி வந்தான். இருவரும் சந்துக்குள் ஓடி ஒரு வாசல் வளைவின் கீழ் ஒதுங்கினார்கள்.

மாடி மட்டத்தில் சுவர்களிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கல்தூம்புகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. தூசியும் சருகும் எச்சமும் கலந்து, காபிக் கஷாயம் மாதிரி பழுப்புத் தண்ணீர் தெருவில் அறைந்தது. லொரென்ஸின் நாற்காலிகள் அதில் குளித்தன.

"போன வருஷத்தை விட அழுக்கு" என்றான் பொலிதானோ.

டோலோரெஸ் லொரென்ஸின் தூம்புக்கு அடுத்து இருந்த கேப்டன் வீட்டுத் தூம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

 துணி அடைத்த மாடியின் தண்ணீர் தெருவுக்கு வரவேண்டும். வராவிட்டால் அது ஒரே இடத்துக்குத்தான் போகிறது.

"பொலிதானோ, கயிறு. பெரிய கயிறு. படகிலிருந்து அவுத்துக்கிட்டு ஓடி வா!"

மணி 5.18. கேப்டன் கதவைத் திறந்தார். அவளைத் தாண்டி, கயிற்றோடு நின்ற பொலிதானோவைப் பார்த்தார்.

"மாடிக் குழியை அடைச்சீங்களா?"

"காலையிலேயேன்னு சொன்னேனே டோலி."

"அப்ப தண்ணி எங்க போகுது?"

"துணி... நழுவியிருக்கும்."

"நழுவட்டும். முப்பது வருஷமா இந்தக் கிணத்தைத் தவிர வேற தண்ணி குடிக்காத மனுஷன், முதல் மழை அழுக்கு உள்ள இறங்கறதைக் கேட்டுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்கீங்க. ஏன் மாடிக்கு ஓடல?"

 

அவள் அவரைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். ஜெரேனியம் தொட்டிகள் உருண்டு உடைந்தன. இருவரும் சேர்ந்து கல்மூடியை நகர்த்தினார்கள். கீழே அருவி விழுகிற இரைச்சல். மணி வடிவத்தில் குடைந்த கிணறு. மேலே குறுகி, கீழே அகன்று, ஏற ஒரு பிடிகூட இல்லாத சுவர்.

டார்ச் வெளிச்சத்தில் பழுப்புத் தண்ணீர் சுழன்றது. சருகுகள். நுரை. வேறொன்றும் இல்லை.

"நுன்சியா!"

பதில் இல்லை.

டார்ச் சுவரோரமாக நகர்ந்தது. ஒரு கை. தண்ணீருக்கு மேல் ஒரு கையும், அண்ணாந்த முகமும் மட்டும். தாடைக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. இமைத்தன.

"உசிரோட இருக்காங்க! இறங்கு!"

பொலிதானோ இறங்கினான். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் டோலோரெஸ் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது தெரியவில்லை. கேப்டன் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஓடப் பார்க்கவில்லை.

மணி 5.50. அவருடைய கட்டிலுக்கு அடியில், போர்வைக்குள் சுற்றிய வெள்ளிக் கப்பல் கிடைத்தது. முழங்கை நீளம்.

"எங்க ஊர் மாலுமிகள் கோயில்ல இருந்து நாலு வருஷம் முன்னாடி திருடு போனது" என்றாள் நுன்சியா. போர்வைக்குள் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. ஒரு கை கயெத்தானோவின் கைக்குள். "பாய்மரத்தை ஒட்டவச்சது நான். அடியில என் அடையாளம் இருக்கு. கேட்டதும், காகிதம் காட்டறேன் இருங்கன்னார். எல்லாரும் போனாங்க. முற்றத்துல மூடி திறந்திருந்துச்சு. முதுகுல கை வச்சது மட்டும்தான் ஞாபகம்."

கேப்டன் தரையைப் பார்த்தே பேசினார். "திருட்டுச் சாமான்னு தெரிஞ்சுதான் வாங்கினேன். ஊர் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்க முடியாது டோலி."

"தொப்பி?"

"மேலேயே விழுந்து கிடந்துச்சு. ரொட்டி வாங்கற பையில எடுத்துட்டுப் போனேன்."

"துணி?"

"உள்ள முனகல் கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் மாடிக்குப் போய் உருவினேன்."

பொலிதானோ விலங்கை மாட்டினான். கதவு வரை போகும்போது கேப்டன் திரும்பினார். டோலோரெஸ் அவர் பக்கம் பார்க்கவில்லை. ஃபெலிச்சை விடச் சொல்லிப் போனில் இரண்டு வார்த்தை சொன்னாள். பிறகு நுன்சியாவின் எதிரே மண்டியிட்டாள்.

"நாலு இருபதுக்கு நான் இதே முற்றத்துலதான் உட்கார்ந்திருந்தேன். அப்ப உங்களுக்கு நினைவு இருந்துச்சா?"

"இருந்துச்சு. நீங்க பேசினது ஒவ்வொண்ணும் கேட்டுச்சு. போலீஸ்னு புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் கத்தல? ஒரு குரல் குடுத்திருந்தா போதுமே!"

நுன்சியா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நீங்க அவரை 'மாமா'ன்னு கூப்பிட்டீங்களே."