நான்கு குலங்களின் அண்ணன்

2074 பிப்ரவரி 5 அன்று, பசிபிக்கில் உள்ள மரேவா நாட்டின் தரோவா தீவுப் பள்ளியில், ஒரே பாடம் ஒரே நேரத்தில் நான்கு மொழிகளில் நடந்தது.

நெலி டீச்சர் ஆங்கிலத்தில் பேசினார். மேசை மேலிருந்த மொழிப்பொறி அதைப் பிள்ளைகளின் செவிமணிகளுக்கு அவரவர் குல மொழியில் அனுப்பியது. மலூ குலத்து இயாலுவுக்குப் பதினான்கு வயது. பின்னம் என்றால் என்னவென்று அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. டிசம்பரில் தலைநகர் உயர்நிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு. கேள்விகளையும் பொறிதான் கேட்கும், பதிலை எழுத வேண்டும். வயது வரம்பு இருந்ததால் அவளுக்கு அது ஒரே வாய்ப்பு.

தரோவாவில் மொழி குலத்தின் சொத்து. அடுத்த குலத்தின் பேச்சைக் காதால் கேட்கலாம், வாயால் பேசக்கூடாது. பேச வேண்டுமென்றால் தந்தம் சுருண்ட பன்றி ஒன்று கொடுத்து அந்தக் குலத்தில் சேர வேண்டும்.

மலூ குலத் தலைவர் தௌரி பள்ளிக்கு வந்தார்.

"எங்க பேச்சை இதுக்கு யாருய்யா குடுத்தது?"

தலைநகரிலிருந்து வந்திருந்த கல்வி அதிகாரி ஹோசியா சிரித்தார். "அது பெட்டிங்க, பெரியவரே."

"பெட்டின்னா சும்மா இருக்கணும். பேசுதுல்ல? அப்ப ஆளு."

பள்ளியை மூடிவிடுவார்களோ என்று ஹோசியா பயந்தார். அரசுச் செலவில் நான்கு பன்றிகள் கப்பலில் வந்தன. குலத்துக்கு ஒன்று. மொழிப்பொறிக்கு நான்கு முறை இலை மாலை சூட்டி, நான்கு குலங்களிலும் சேர்த்துக்கொண்டார்கள். ஊரே சாப்பிட்டது.

மறுநாள் காலை வகுப்பில் ஒரு பெண்கூட செவிமணியை எடுக்கவில்லை.

"என்னடி இது?" என்றார் நெலி. அவர் வேறு தீவுக்காரர்.

"எப்படி டீச்சர் மாட்டுறது? நேத்துலேருந்து அது எனக்கு அண்ணன்," என்றாள் இயாலு.

தரோவாவில் பெண் வயதுக்கு வந்தபின் அண்ணன் தம்பி அவளோடு பேசுவதில்லை. அவள் வரும் பாதையில்கூட நிற்க மாட்டார்கள். காதுக்குள் வந்து பேசுவது நினைத்துப் பார்க்க முடியாதது.

ஹோசியா பொறியின் குரலைப் பெண் குரலாக மாற்றினார். தௌரியை அழைத்துக் கேட்கவும் வைத்தார்.

"என் சித்தப்பா மகன்கூட பொம்பளைக் குரல்லதான் பாடுவான். அதுக்காக அவன் எனக்கு அக்காவா?" என்றார் தௌரி. "கல்யாணமாகி வர்றவதான் பொம்பளை. பன்னி குடுத்து வந்தவன் ஆம்பளை."

"பன்னியைத் திருப்பிக் குடுத்துடலாமே?" என்றார் ஹோசியா.

"தின்னாச்சேப்பா."

வாரங்கள் போயின. பையன்கள் பாடம் கேட்டார்கள். பெண்கள் பின்வரிசையில் புரியாத ஆங்கிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் இயாலு, பக்கத்தில் இருந்த ஓலே குலத்துப் பெண் மெட்டோ மாட்டாமல் வைத்திருந்த செவிமணியை எடுத்துத் தன் காதில் மாட்டினாள்.

"ஏய், அது எங்க அண்ணன்டி!"

"உனக்குத்தானே. ஓலேல பேசுறப்ப எனக்கு யாரோ. நீ என்னோடதை மாட்டிக்க."

கேட்பதற்குப் பன்றி வேண்டியதில்லை. தௌரி யோசித்துவிட்டு, தவறில்லை என்றார்.

மீன் விலை கேட்கும் அளவுக்குத்தான் இயாலுவுக்கு ஓலே புரியும். முதல் மாதம் அவள் வாங்கிய மதிப்பெண்கள் பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருந்தன. மெட்டோ சாப்பாட்டு வேளையில் புரியாத சொற்களைத் தன் மொழியிலேயே, கையை ஆட்டி விளக்குவாள். "இதுகூடத் தெரியாதா? நீயெல்லாம் தலைநகர் போய் என்ன பண்ணப் போறே?" என்பாள். இயாலு மலூவில் திட்டுவாள். இருவருக்கும் புரிந்தது.

விதிப்படி தேர்வைத் தாய்மொழியில்தான் எழுத வேண்டும். நெலி வற்புறுத்தியதால், ஹோசியா இயாலுவின் தாய்மொழி ஓலே என்றும் மெட்டோவின் தாய்மொழி மலூ என்றும் பதிவு செய்தார்.

அவள் தேறினாள். மெட்டோ மலூவில் எழுதித் தேறினாள்.

எந்தப் பிள்ளையும் அடுத்தவர் மொழியில் படிக்க நேரக்கூடாது என்பதற்காகச் செய்யப்பட்டது மொழிப்பொறி. அடுத்த ஆண்டு தரோவாவின் பெரிய பெண்கள் அனைவரும் அடுத்தவர் மொழியில் படித்தார்கள். பையன்கள் தங்கள் மொழியில் படித்தார்கள், சந்தைக்கும் செவிமணியோடு போனார்கள். பத்து ஆண்டுகளில், அந்தத் தீவின் இளைய தலைமுறையில் அடுத்த குலத்தாரின் பேச்சு பெண்களுக்கு மட்டுமே புரிந்தது.