மார்பில் தொங்கிய உண்ணி

குன்றடி வாசலில் காலை வேலை எப்போதும்போலத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கியவர்கள் வரிசையில் நின்று, முறை வந்ததும் முடியைத் தூக்கிப் பிடரியைக் காட்டினார்கள். உண்ணி ஒட்டியிருந்தால் பூங்கோதை இடுக்கியால் பிடுங்கிக் குறிமானியின் வாயில் போடுவாள். அந்தப் பொறி அதை அரைத்து, மரபணுவில் ஒரு குறியைத் தேடி, ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் விளக்கைப் போடும். பச்சை என்றால் சந்தைக்குப் போகலாம். சிவப்பு என்றால் கொட்டகைக்குப் பின்னால் போக வேண்டும். அங்கே சிக்கண்ணன் துப்பாக்கியோடு நிற்பான்.

அன்றைய முதல் சிவப்பு ஒரு தேன்காரர். "சாமி, இது மாட்டு உண்ணிங்க. எங்க பட்டி பூரா கெடக்குதுங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். சிக்கண்ணன் அவர் காதுக்குப் பின்னால் சுட்டான். ரத்தமும் எலும்பும் சுவரில் தெறித்தன. உடலைக் குழியில் உருட்டி எரியவிட்டு, கை கழுவி டீ குடித்தான்.

கொலையுண்ணி கடித்தவனுக்குக் காய்ச்சல் வரும்; அவன் மூச்சுப் பட்டவர்களுக்கும் வரும். சமவெளியில் பாதி ஊர்கள் அப்படித்தான் காலியாயின. அதனால், காய்ச்சல் வருமுன்னே ஆளைக் கொல்வது சட்டம். இந்த மலையில் கொலையுண்ணியைக் கண்டுபிடித்து அதற்குத் தன் பெயரையே சூட்டியவர், உண்ணி ஒழிப்பு ஆணையத்தின் தலைவர் முனைவர் திருவேங்கடநாதன். நாடு பிடித்த அரசர்களைப்போல 'உண்ணி கொண்டான்' என்ற பட்டமும் அவருக்கு உண்டு. வழங்கிய குழுவுக்கு அவரே தலைவர். இங்கே பிடிபட்ட முதல் உண்ணியை, ஒரு காலை மட்டும் கிள்ளிச் சோதித்தபின், சாராயம் நிரப்பிய கண்ணாடிக் குப்பியில் மிதக்கவிட்டு, தங்கச் சங்கிலியில் கோத்து மார்பில் அணிந்திருந்தார்.

அந்த உண்ணி சிக்கண்ணனின் தம்பி ஜடேயனின் கழுத்திலிருந்து எடுத்தது. ஜடேயனைச் சுட்டதும் சிக்கண்ணன்தான். வேறு யாராவது சுட்டால் அரைகுறையாகச் சுட்டுத் துடிக்கவிடுவார்கள் என்று, தானே கேட்டு வாங்கிச் சுட்டான். ஊரைக் காப்பாற்றத்தானே செய்தோம் என்ற நினைப்பில்தான் அவன் தொண்டையில் இன்றுவரை சோறு இறங்கியது.

அன்று தலைவர் வாசலைப் பார்வையிட வந்தார். மேளம், மாலை, தலைக்கு மேல் படம்பிடிக்கும் ட்ரோன்கள். வரவேற்புரையில் அவரைக் கதிரவன் என்றார்கள். சூரியன் மேலே இருந்ததால் பேசியவருக்குக் கொஞ்சம் சங்கடம். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று காட்ட, தலைவர் பொன்னாடையை விலக்கிப் பிடரியைக் காட்டினார். ட்ரோன்கள் இறங்கி வந்தன.

காதுக்குப் பின்னால் ஒரு உண்ணி, உளுந்துபோல உப்பியிருந்தது. பூங்கோதை பிடுங்கிப் போட்டாள்.

சிவப்பு.

மேளம் நின்றது. சிக்கண்ணன் பழக்கத்தில், மரியாதையாகவே சொன்னான்: "கொட்டகைக்குப் பின்னால வாங்க சார்."

"முட்டாள்! இது தாய்வழிக் குறிடா. உண்ணியோட பாட்டி யாருன்னுதான் சொல்லும். என்னைக்கோ ஒரு கொலையுண்ணிப் பொட்டை மாட்டு உண்ணியோட கலந்திருக்கும். அந்தப் பொட்டை வழியில வர்றது பூரா மாட்டு உண்ணியாவே மாறியிருந்தாலும் சிவப்புதான் காட்டும். உட்கருக் குறியைப் பாரும்மா, அதுதான் உண்ணி யாருன்னு சொல்லும்."

"அதைப் பாக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டதே நீங்கதானுங்க சார்," என்றாள் பூங்கோதை. "நேரமாகுது, வரிசை தேங்குதுன்னு."

"இப்ப வரிசையில நான் நிக்கிறேன்."

ஒரு உலை கொதிக்கும் நேரம் ஆயிற்று. அதுவரை அவர் ஐயமே அறிவின் தாய் என்று ட்ரோன்களுக்கு உரையாற்றினார். முடிவு வந்தது: சாதாரண மாட்டு உண்ணி.

தலைவர் பொன்னாடையைச் சரிசெய்தார். "பார்த்தீர்களா? அறிவியல் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும்."

"அப்ப காலையில அந்தத் தேன்காரர்?" என்று கேட்டான் சிக்கண்ணன்.

"அவனோட உண்ணியை அரைச்சாச்சு, ஆளையும் எரிச்சாச்சு. இனி என்னத்தைப் பாக்கிறது?"

"அரைக்காத ஒண்ணு இருக்குதுங்க."

சிக்கண்ணன் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். அது அறுவதற்குள் தலைவரின் கழுத்தைக் கிழித்தது. "இவனைப் பிடிங்கடா," என்று அவர் கத்தினார். வாசலின் மற்றக் காவலர்கள் அசையவில்லை; அவரவர் சுட்ட முகங்கள் அவரவருக்கு நினைவுக்கு வந்துகொண்டிருந்தன. ஓட முயன்ற தலைவரின் முழங்காலில் சிக்கண்ணன் துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் வரிசையின் கடைசிவரை கேட்டது. அதே கட்டையால் குப்பியை உடைத்து, உண்ணியைப் பூங்கோதையின் உள்ளங்கையில் வைத்தான்.

மறுபடி ஒரு உலை கொதிக்கும் நேரம். தலைவர் மண்ணில் கிடந்து முனகிக்கொண்டிருந்தார்.

"அண்ணா," என்றாள் பூங்கோதை. திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

மாட்டு உண்ணி.

தலைவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "ஆரம்ப காலத்துல பிழை வர்றது சகஜம்ப்பா. உன் தம்பி பேரையே அந்த உண்ணிக்கு வச்சிடலாம். பட்டத்தைக்கூடத் தந்துடறேன்."

"எந்திரிக்க வேண்டாங்க சார்," என்றான் சிக்கண்ணன். "குனிஞ்சு காட்டுங்க, போதும்."

அவர் குனியவில்லை. அவனே முடியைப் பிடித்துக் குனியவைத்து, காதுக்குப் பின்னால், தம்பியைச் சுட்ட அதே இடத்தில் சுட்டான். பொன்னாடையில் ரத்தம் பரவியது. பூங்கோதை குறிமானியின் கம்பியைப் பிடுங்கி எறிந்தாள். சிக்கண்ணன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, கையைக் கழுவாமல் அப்படியே நின்றான்.

வரிசை ஓர் அடி முன்னே நகர்ந்தது. முதலில் நின்ற பெண் கூடையை இறக்கி வைத்தாள். கொண்டையை அவிழ்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிடரியைக் காட்டிக் குனிந்தாள்.