கோமுகத்தில் ஒரு கை எள்ளுத்தண்ணீர்

"இன்னைக்கு மேலே போகாதீங்க! மழையில மலை கல்லை உதிர்த்துக்கிட்டு இருக்கு!"

கங்கோத்ரி கோயில் படிக்கட்டில் நின்று வழிகாட்டி தீவான் சிங் இந்தியில் கத்தியதைச் சண்முகையா தமிழில் சொன்னான். பட்டாளத்தில் இருந்து வந்தவன், இந்தி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "ரெண்டு நாள் பொறுத்துப் போவோம்னு சொல்லுதாரு தாயி," என்று தங்கையைப் பார்த்தான்.

"நாளைக்கு ஆடி அமாவாசை. அமாவாசையை ரெண்டு நாள் தள்ளிவைக்க முடியுமான்னு அவருட்டக் கேளுண்ணே," என்றாள் செண்பகவல்லி. சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, ஷூ நாடாவை இறுக்கி முடிந்து, நடக்கவே தொடங்கிவிட்டாள். மொழிபெயர்ப்பு இல்லாமலே தீவான் சிங்குக்கு விஷயம் புரிந்தது. முனகிக்கொண்டே மூட்டையைத் தோளில் மாட்டினான்.

எல்லோருக்கும் பின்னால் கடுகடுவென்று வந்தாள் தங்கம். செண்பகவல்லியின் நாத்தனார். அவள் எதற்கு வந்தாள் என்பது பெரிய கதை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

கோவில்பட்டியில் செண்பகவல்லி அம்மன் பேர், பூவநாதர் சாமி பேர். செண்பகவல்லி என்ற பெண்ணுக்குப் பூவநாதன் என்ற மாப்பிள்ளையே அமைந்தபோது ஊரே மெச்சியது. மாப்பிள்ளை கடலை மிட்டாய்ப் பட்டறை வைத்திருந்தான். பாகு பதம் பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், பாகை அடுப்பில் வைத்துவிட்டு "இந்தா வாரேன்" என்று வெளியே போனான். போனவன் போனவன்தான்! பாகு கரிந்து புகைந்தபிறகுதான் அவன் இல்லை என்பதே தெரிந்தது.

பட்டறையைச் செண்பகவல்லி எடுத்து நடத்தினாள். வாயை ஊர் எடுத்து நடத்தியது. 'பொண்டாட்டி ஒழுங்கா இருந்தா ஆம்பிளை ஏன் ஓடுதான்?' என்று பேசியவர்களில் தங்கத்தின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. தன் மகளுக்குச் சடங்கு வைத்த அன்று, ஆரத்தித் தட்டைத் தொடப்போன செண்பகவல்லியின் கையிலிருந்து சபைக்கு நடுவே அதைப் பிடுங்கிக்கொண்டவள் அவள். அன்று செண்பகவல்லி சோற்றில் கைவைக்காமல் வீட்டுக்கு வந்தாள்.

போன ஆடியில் அடுத்த தெரு வாத்தியார் யாத்திரை போனார். கங்கை பிறக்கும் கோமுகத்தில் ஒரு தாடிச் சாமியார் ஆற்றில் நின்று தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தாராம். வாத்தியார் பையிலிருந்த கடலை மிட்டாயை நீட்டினாராம். சாமியார் ஒரு கடி கடித்து, "பாகு ஒரு கொதி கூடிருச்சு" என்றாராம், அச்சு அசல் நம்மூர்த் தமிழில்! ஊரைக் கேட்பதற்குள் பாறைகளுக்குள் போய் மறைந்துவிட்டாராம்.

அது செண்பகவல்லி கிண்டிய மிட்டாய். அதில் அப்படிக் குற்றம் சொல்ல உலகத்தில் ஒரு நாக்குதான் உண்டு.

"எங்க அம்மாவுக்குத்தான் தர்ப்பணம் குடுக்கு எங்க அண்ணன். பெத்தவளை மறக்கலை," என்று கண்ணைத் துடைத்த தங்கம், அடுத்த மூச்சில் சொன்னாள்: "நானும் வாரேன் மதினி. நீங்க என்ன செஞ்சு விரட்டுனீங்கன்னு அது வாயாலயே கேட்கணும்."

"வா. எனக்கும் அதைத்தான் கேட்கணும்," என்றாள் செண்பகவல்லி. புருஷனைக் கூட்டி வருவது அவளுக்கு இரண்டாம்பட்சம். 'இவள் மேல் தப்பில்லை' என்று தங்கத்தின் காதுபட அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு தூரம்.

பாதை ஒரு ஆள் அகலம்தான். இடப்பக்கம் மலை, வலப்பக்கம் கிடுகிடு பள்ளம். பள்ளத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் பாகீரதி இரைந்து ஓடியது. சீர்பாசாவின் பைன் மரங்கள் முடிந்ததும் மொட்டைச் சரிவு தொடங்கியது. தீவான் சிங் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினான். உச்சியில் மலையாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"ஆடு கால் வச்சா கல் உருளும். பேசாம, நிக்காம, ஒவ்வொருத்தரா ஓடணும்!" என்றான் சண்முகையா.

அவன் ஓடினான். செண்பகவல்லி ஓடினாள். தங்கம் பாதி தூரம் வந்து, மூச்சு வாங்கி, இடுப்பில் கைவைத்து நின்றாள். அவ்வளவுதான், மேலே சடசடவென்று சத்தம்!

"தங்கம்! ஓடி வாட்டி!"

தங்கத்துக்குக் கால் அசையவில்லை. கத்திய செண்பகவல்லி திரும்பி ஓடினாள். நாத்தனாரின் கையைப் பிடித்து ஒரே இழுப்பு! இருவரும் பாறையடியில் போய் விழவும், ஆட்டுக்கல் பருமனில் ஒரு கல் தங்கம் நின்ற இடத்தில் மோதித் துள்ளிப் பள்ளத்தில் பாயவும் சரியாக இருந்தது.

தங்கம் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். நன்றி சொல்ல வாய் வந்திருக்கும். ஆனால் ஒன்பது வருஷம் வைத வாய்க்குச் சட்டென்று வேறு பாஷை பழகவில்லை. "கை வலிக்கு மதினி, விடுங்க," என்றாள்.

போஜ்பாசாவில் தங்கி, விடிந்ததும் விசாரித்தார்கள். மதராசிச் சாமியாரா? அக்கரையில் ஒரு வயதான குருவின் குடிலில் இருக்கிறார் என்றார்கள். அக்கரைக்குப் பாலம் இல்லை. ஆற்றுக்கு மேலே இரும்புக் கம்பியில் ஒரு கூண்டு தொங்கியது. அதில் உட்கார்ந்து, கயிற்றைக் கையால் இழுத்து இழுத்துக் கரை சேர வேண்டும்.

நட்டாற்றில் கூண்டு நின்றுவிட்டது! கயிறு உருளையில் சிக்கிக்கொண்டது. கீழே வெள்ளம் கொதித்தது. சண்முகையா இழுத்தான், தீவான் சிங் இழுத்தான், உள்ளங்கை உரிந்ததுதான் மிச்சம். "தள்ளுங்க," என்றாள் செண்பகவல்லி. ஒன்பது வருஷமாகச் சுடுபாகைக் கிண்டி மரத்துப்போன கைகள் அவளுடையவை. எம்பி உருளையைப் பற்றி, கயிற்றை உலுக்கி, ஒரு சுண்டு சுண்டி இழுத்தாள். கயிறு விடுபட்டது! கூண்டு கிறீச்சிட்டு நகர்ந்தது.

குடில் வாசலில் குரு தேநீர் கொடுத்து வரவேற்றார். தமிழ்ச் சீடனைப் பற்றிக் கேட்டதும் கிழவர் முகம் மலர்ந்து நெடுநேரம் பேசினார். கேட்கக் கேட்கச் சண்முகையாவின் முகம் சுருங்கியது.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் செண்பகவல்லி.

"ஒண்ணுமில்லை. கோமுகத்துக்குப் போயிருக்காராம்."

"இம்புட்டு நேரம் பேசினது அதுதானா? சொல்லுண்ணே."

சண்முகையா தேநீரைக் கீழே வைத்தான். "நல்ல பிள்ளைங்காரு. பொஞ்சாதி செத்த துக்கத்துல வந்தவனாம். பொஞ்சாதி உசுரோட இருந்தா, அவ சம்மதம் இல்லாம சன்னியாசம் குடுக்க மாட்டாராம். இவனுக்கு அந்தத் தடை இல்லையாம். சன்னியாசிக்குத் தர்ப்பணம் கிடையாதுன்னு எவ்வளவோ சொல்லியும், செத்தவளுக்கு மட்டும் ஆடி அமாவாசைக்கு விடாம எள்ளும் தண்ணியும் விடுதானாம். அம்புட்டுப் பிரியமாம்."

"அப்ப... அம்மாவுக்கு இல்லையா?" என்றாள் தங்கம்.

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குரு திகைத்துப் பார்த்தார். சிரித்து முடித்தபோது கண்ணில் நீர் இருந்தது. அதற்கு அவள் வெட்கப்படவில்லை.

"நான் யாருன்னு பெரியவருட்ட இப்பச் சொல்லாதே அண்ணே. செத்தவ தேத்தண்ணி குடிச்சுட்டுப் போறான்னா பயந்துருவாரு," என்று எழுந்தாள்.

பாறை மேல் பாறையாகத் தாவிப் போனார்கள். அதோ கோமுகம்! அழுக்கேறிய பனிச்சுவர் வானத்தை மறித்து நின்றது. அதன் அடிக்குகையிலிருந்து கங்கை இரைச்சலோடு பிறந்து வந்தது. பனிக்கட்டிகள் உருண்டுகொண்டே வெளியேறின. இந்தத் தண்ணீரைச் செப்புச் சொம்பில் அடைத்துப் பூஜையறையில் வைத்துக் கும்பிட்டவள் அவள். இன்று அது பிறக்கும் இடத்திலேயே நின்றும் கும்பிடக் கை எழவில்லை.

முழங்கால் ஆழத்தில், காவி நனைய, முதுகைக் காட்டி அவன் நின்றான். உள்ளங்கையில் எள். உரத்த குரலில் சொல்லித் தண்ணீரை விட்டான்.

"போய்ச் சேர்ந்த என் சம்சாரம் செண்பகவல்லிக்கு!"

அவள் ஆற்றில் இறங்கி அவன் முன்னால் போனாள். குளிர் எலும்பைக் கடித்தது. அவன் கைக்கு நேரே இரண்டு கையையும் ஏந்தினாள்.

"குடுங்க. வாங்கிக்கிறதுக்குத்தான் வந்திருக்கேன்."

அடுத்த கை எள்ளுத்தண்ணீர் அவள் கையில் விழுந்தது. பூவநாதன் நிமிர்ந்து பார்த்தான். அலறிப் பின்வாங்கினான், கால் வழுக்கியது. அதே நேரம் பனிச்சுவர் வெடிபோல முழங்கி, ஒரு பாளம் சரிந்து ஆற்றில் விழுந்தது!

அலை எழும்பி அவனைச் சுருட்டியது. செண்பகவல்லி பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சண்முகையா அவள் இடுப்பைப் பிடித்தான், தங்கம் அண்ணனின் காவியைப் பிடித்தாள். தீவான் சிங்கும் கை கொடுக்க, நாலுபேருமாக இழுத்துக் கரையில் போட்டார்கள்.

"அண்ணே!" என்று தங்கம் அவனை உலுக்கினாள். "சொல்லுண்ணே, மதினி உனக்கு என்ன செஞ்சாங்க?"

அவன் வெகுநேரம் இருமினான். "அவ ஒண்ணும் செய்யலை தங்கம். நல்லாத்தான் வச்சிருந்தா. எனக்குத்தான் எதுலயும் மனசு ஒட்டலை."

இதோ, அவள் தேடி வந்த வார்த்தை! ஒன்பது வருஷப் பழி ஒரு இருமலுக்கு நடுவே கழன்றுவிட்டது. அது இவ்வளவு கசக்கும் என்று செண்பகவல்லி நினைக்கவில்லை.

"எதுக்கு என்னைக் கொன்னீங்க?"

"சம்மதம் கேட்டா நீ விடமாட்டேன்னு..."

"கேட்டிருந்தா விட்டிருப்பேன்!" என்று கத்தினாள். "ஒரு நாள் அழுதிருப்பேன், ரெண்டு நாள் சண்டை போட்டிருப்பேன், அப்புறம் விட்டிருப்பேன். கேட்கவே இல்லையே நீங்க!"

குருவின் முன்னால் போய் உண்மையைச் சொல்லும்படி அவள் அவனை நடத்திக் கூட்டிப்போனாள். சொன்னான். கிழவர் சொன்னதைச் சண்முகையா தமிழாக்கினான்: "சன்னியாசம் செல்லாது. காவியை அவுத்துட்டு உன் பொஞ்சாதி பின்னாடி போ."

தங்கத்தின் கண்கள் பளிச்சென்றன. "அண்ணே, வா, வீட்டுக்குப் போவோம்!" பூவநாதன் தலை நிமிராமல் செண்பகவல்லியின் காலடியைப் பார்த்து நின்றான். அவள் சரி என்றால் வந்துவிடுவான்போல இருந்தது. ஒரு நிமிஷம் அவளுக்கும் ஆசை வந்தது. பொய் சொல்வானேன், வந்தது.

"அண்ணே, நான் சொல்லுறதை மாத்தாம இந்தியில சொல்லு," என்றாள். "நான் செண்பகவல்லி. உசுரோட இருக்கேன். இவரு காவி கட்ட இப்பச் சம்மதம் தாரேன். என்னைக் கொன்னவரோட ஒரே வீட்டுல என்னால கண்ணசர முடியாது. இனி எனக்கு யாரும் எள்ளுத்தண்ணி விட வேண்டாம்."

குரு எழுந்து அவளை நோக்கிக் கைகூப்பினார். பூவநாதன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் திரும்பிப் பார்க்காமல் கூண்டில் ஏறினாள்.

ரயிலில் தாலியைக் கழற்றித் தங்கத்தின் மடியில் வைத்தாள். "உங்க வீட்டுது."

தங்கம் விக்கினாள். "பொட்டு, மதினி?"

"அது நான் பிறந்ததுல இருந்து வச்சது. என்னோடது."

கோவில்பட்டியில் கங்கைத் தண்ணீருக்காகத் தெருவே கூடியது. "ஆளைக் கூட்டியாரலையா? இன்னும் உன்மேல கோவமா இருக்காரோ?" என்று ஒருத்தி கேட்டாள். செண்பகவல்லி வாய் திறக்குமுன் தங்கம் முன்னால் வந்தாள். அதே ஓங்கிய குரல்.

"எங்க அண்ணன் பொய் சொல்லிட்டு ஓடினவன். மதினி மேல ஒரு குத்தமும் கிடையாது. எவளாவது இனிப் பேசினா எங்கிட்டப் பேசுங்க!" தட்டில் ஆரத்தி கரைத்துச் செண்பகவல்லிக்கே சுற்றினாள். பக்கத்தில் நின்ற மகளிடம், "யாரு எங்க போனாலும் சரி, கேட்டுட்டுப் போகணும்ட்டி," என்றாள்.

வெற்றிதான். வெல்ல வேண்டியதை வென்றுதான் செண்பகவல்லி வந்திருந்தாள். ஆனாலும் அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பட்டறையில் பாகு கொதித்தது. வழக்கமாக இறக்கும் நேரத்துக்கு ஒரு கொதி முன்னால் இறக்கி, கடலையைக் கொட்டிக் கிளறி, ஆறியதும் ஒரு துண்டை வாயில் போட்டாள். அருமையாக இருந்தது. அவன் சொன்னது சரிதான், ஒரு கொதி கூடத்தான் இருந்திருக்கிறது. இதையாவது வீட்டில் இருந்தபோது சொல்லியிருக்கலாம்.