நிலையில் வைத்த கை

“முதல் கையை வைக்கவும்” என்று புது வீட்டின் வாசல் நிலைச்சட்டம் மறுபடியும் சொன்னது. மகிழினி இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். புருஷனைப் பறிகொடுத்தவள் நிலையைத் தொடலாமா?

“நீயே வைம்மா, நம்ம வீடுதானே” என்றாள் மகள் நறுமுகை.

“வாய மூடு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?” மகிழினி தம்பி தருண் பக்கம் திரும்பினாள். “வா சாமி, நீ வை.”

அவன் கையை வைத்தான். நிலைச்சட்டம் பச்சையாக மினுங்கி அவன் ரேகையையும் நாடித்துடிப்பையும் வாங்கிக்கொண்டது. அவன் செய்த வேலை அவ்வளவுதான். பிறகு போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டான்.

பெருந்துறைப் பக்கம் அப்போது எங்கே பார்த்தாலும் பலகைவீடுகள்தான். சுவர், கூரை, சமையல் மேடை எல்லாம் பலகை பலகையாக லாரியில் வந்து இறங்கும். விளிம்பிலிருக்கும் பிடிமூட்டு, பக்கத்துப் பலகையோடு வைத்து அழுத்தினால் கவ்விக்கொள்ளும். கொத்தனார் வேண்டாம், சிமெண்ட் வேண்டாம். மலிவென்றால் அப்படியொரு மலிவு. அதைவிடப் பெரிய விசேஷம், பத்திரமே கிடையாது. நிலையில் முதலில் படுகிற கைதான் மூலக்கை. அந்தக் கைக்காரருக்கே வீடு சொந்தம் என்று சட்டமும் வந்துவிட்டது. பத்திர ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்த ஏழை சனம் கொண்டாடித் தீர்த்தது. பத்திரத்தைத் திருடலாம், கையை எவன் திருடுவான்? திருடவே வேண்டாம், நம் சனம் தானாகவே கூப்பிட்டுக் கொடுத்துவிடும் என்பது மட்டும் அதைக் கண்டுபிடித்த மகானுபாவருக்குத் தோன்றவில்லை.

புருஷன் செத்ததற்கு வந்த பணத்தில் வாங்கிய வீடு. பனியன் கம்பெனி வேலை முடிந்து வந்து, சாயங்காலம் சாயங்காலமாகத் தாயும் மகளுமே அதைக் கோத்து முடித்தார்கள். கூரை மாட்டும்போது மகிழினிக்கு ஒரு விரல் நகமே போயிற்று. வீட்டுக்கு அதெல்லாம் தெரியுமா? அதற்குத் தெரிந்தது தருணின் கை ஒன்றுதான்.

இரண்டு வருஷம் கழித்துத் தருண் வந்தான்.

“அக்கா, தன்ஷிகா முழுகாம இருக்கா. மாமனார் ஊட்டுல எத்தன நாளைக்குப் பேச்சு வாங்கறது? எடம் குடுத்திருக்காரு. வீடுதான் இல்ல.”

“அதுக்கு?”

“இது நான் கை வெச்ச வீடு, என்ற வீடுதானக்கா.”

விளையாடுகிறான் என்று சிரித்தாள். வெளியே லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. “டேய், அடுப்புல சோறு வெந்துட்டிருக்குதுடா!”

“நானா கை வெக்கறேன்னு கேட்டேன்? நீதான கூப்ட்ட.”

நிலையில் கையை வைத்து “கழற்று” என்றான். பிடிமூட்டுகள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. மகிழினி ஓடி ஓடி அழுத்திப் பார்த்தாள். எதுவும் கவ்வவில்லை. போலீசுக்குப் போனாள், “மூலக்கை அவருதும்மா” என்று திருப்பி அனுப்பினார்கள். வீடு விற்ற கம்பெனிக்குப் போன் போட்டு அழுதாள். “கழட்டி மறுபடி கோக்கறப்ப யார் மொதல்ல கை வெக்கறாங்களோ அவங்களுக்குத்தாங்க வீடு” என்றாள் அங்கே பேசிய பெண். அதற்குள் பலகையெல்லாம் காங்கேயம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

தாயும் மகளும் ஓர் ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போனார்கள். அடுத்த மாதமே தருண் நிலை வைக்க வெற்றிலை பாக்கோடு வந்து அழைத்தான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! நறுமுகை அவன் முகத்தில் விழிக்கவே இல்லை. மகிழினி போனாள். வயிறு எரிந்தது. ஆனாலும் தன் சுவர்களை ஒரு தடவை பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். “முதல் கையை வைக்கவும்” என்றது நிலைச்சட்டம். தருண் கையை நீட்டினான்.

“நில்லுங்க மாப்ள!” மாமியார் பதறிக்கொண்டு வந்தார். “புள்ளத்தாச்சி புருஷன் நிலை வெக்கக் கூடாதுங்க. கொழந்தைக்கு ஆகாது. எங்க கவின் வெக்கட்டும்.”

தன்ஷிகாவின் அண்ணன் கவின் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான்.

தருணுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தக் கை என்ன செய்யும் என்று அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? கவினைப் பார்த்தான். மனைவியின் வயிற்றைப் பார்த்தான். “மச்சான் அப்படிப்பட்ட ஆளில்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மனசு கேட்கவில்லை. கூட்டத்தில் அக்காவைத் தேடினான்.

“ஏக்கா... நீ என்ன சொல்றே?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் கேட்டுவிடுவான். மகிழினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அவீங்க சொல்றது சரிதான் சாமி. கொழந்தைக்கு ஏதாச்சும் ஆயிட்டா நம்மால தாங்க முடியுமா? நல்ல நேரம் போகுது. மச்சானையே வெக்கச் சொல்லு.”

கவின் கையை வைத்தான். முதலில் கைதட்டியவள் மகிழினிதான்.