தேடலில் காணாமல் போன கடை

1999 ஆகஸ்ட், திங்கட்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கு கிரீஷின் கடையைக் காணவில்லை.

வடக்கு மாட வீதியில் கடை இருந்த இடத்தில்தான் இருந்தது. காணாமல் போனது இன்டர்நெட்டில் இருந்த கடை. பரதநாட்டிய நகை என்று யார் தேடினாலும் முதலில் வந்து நிற்கிற வெப்சைட் அது. அன்றைக்குப் பத்துப் பக்கம் தள்ளியும் தென்படவில்லை. வெளிநாட்டு ஆர்டர்கள் சில நாட்களாகக் குறைந்ததன் காரணம் கிரீஷுக்கு அப்போதுதான் விளங்கியது.

போன மாதம்தான் சைட்டைப் புது சர்வருக்கு மாற்றியிருந்தார்கள். அதைச் செய்தவன் ஃபராஸ். மாற்றிய அன்றே மனஸ்தாபத்தோடு வேலையை விட்டுப் போனவனும் அவன்தான். கிரீஷுக்கு வேறு யோசனையே வரவில்லை. கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் ஃபராஸின் வீட்டுக்குப் போய், அவன் அம்மா ஹாஜிரா பீயின் எதிரில், சந்தே கேட்கும்படி அவனைத் துரோகி என்றான். ஃபராஸ் ஏதோ சொல்ல வந்தான். கிரீஷ் காதில் வாங்கவில்லை. கடைக்குத் திரும்பியதும், ஃபராஸ் சேரவிருந்த தி.நகர் கம்பெனிக்குப் போன் செய்து, அவனை நம்பி எடுக்காதீர்கள் என்றான்.

மாலை நாலு மணிக்கு மதுவந்தி வந்தாள். லஸ்ஸில் இன்டர்நெட் சென்டர் நடத்துகிறவள். வட்டாரத்தில் எது தொலைந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஃபராஸ்தான் கெடுத்துவிட்டான் என்று கிரீஷ் புலம்பியதைக் கேட்டுவிட்டு, கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

"அட்ரஸ் அடிச்சா சைட் தொறக்கறதா?"

"தொறக்கறது."

"எந்தப் பக்கமாவது அழிஞ்சிருக்கா? பேர் மாறியிருக்கா?"

"இல்ல. பழைய கஸ்டமர்லாம் வந்துண்டுதான் இருக்கா."

"கெடுக்க நினைச்சவன் ஒண்ணையுமே கெடுக்கலையே."

அவள் சைட்டின் பெயருக்குப் பின்னால் ஒரு ஃபைலின் பெயரைச் சேர்த்துத் தட்டினாள். வெள்ளைத் திரையில் இரண்டே வரி வந்தது. தேடுதளங்கள் எந்த சைட்டுக்கு வந்தாலும் முதலில் இதைத்தான் படிக்கும் என்றாள். எந்தத் தேடுதளமும் உள்ளே வரக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. மனிதர்களை அது தடுக்காது.

"பார்த்தியா, அவன் வேலைதான்," என்றான் கிரீஷ்.

"எதுக்குப் போட்டான்?"

கிரீஷ் யோசித்தான். புது சர்வரில் பாதி வேலை நடக்கும்போது அரைகுறைப் பக்கங்கள் தேடலில் வந்துவிடக் கூடாது என்று தானேதான் ஃபராஸிடம் சொல்லியிருந்ததை அவளிடம் ஒப்புக்கொண்டான்.

"புது சர்வரைத் தொறந்து விட்டது யாரு?"

"நான்தான். போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, ராகுகாலத்துக்கு முன்னாடி."

"அப்போ ஃபராஸ்?"

"தொழுகை முடிச்சுட்டு வரேன், ஒரு வேலை பாக்கி இருக்கு, அப்புறம் தொறக்கலாம்னான்."

"வந்தானா?"

"வந்தான். எல்லாம் முடிஞ்சுடுத்து, நீ ஒண்ணும் வேண்டாம்னு வாசலோட அனுப்பிட்டேன்." கிரீஷின் குரல் இறங்கியது. "அப்புறம் ரெண்டு தடவை போன் பண்ணினான். எடுக்கல."

மதுவந்தி அவனை நேராகப் பார்த்தாள். "பூட்டினது ஃபராஸ். பூட்டச் சொன்னது நீங்க. திறக்க வந்தவனைத் திருப்பி அனுப்பினதும் நீங்கதான்."

கிரீஷ் உடனே தி.நகருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னான். அந்த இடத்துக்கு மத்தியானமே வேறு ஆள் எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

சந்தில் ஹாஜிரா பீ கதவைத் திறந்தாள். தப்பு தன்னுடையது என்று கிரீஷ் தரையைப் பார்த்து முணுமுணுத்தான்.

"காலையில நல்லா சத்தமா பேசினீங்களே," என்றாள் அவள்.

அவன் தலை நிமிர்ந்து, எதிர்வீட்டு ஜன்னல்கள் திறக்கும்படி, இன்னொரு தரம் சொன்னான்.

ஃபராஸ் வெளியே வந்தான். கோபப்படுவான் என்று கிரீஷ் காத்திருந்தான். கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டால் போதும், தேடலில் பழைய இடத்துக்கு வரக் கொஞ்சம் நாளாகும் என்று ஃபராஸ் பொறுமையாக விளக்கினான். திரும்ப வேலைக்கு வருகிறாயா என்ற கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டி மறுத்தான்.

"அடையார்ல ஒரு கம்பெனில கூப்ட்டுக்கீறாங்க சார். என்னைப் பத்தி உங்களைக் கேப்பாங்க," என்றான். "நல்லதா எதுவும் சொல்ல வேணாம். நடந்ததைச் சொன்னாப் போதும்."