ராகிக்கு இன்று சாப்பாடு இல்லை

இப்போதெல்லாம் மனுஷனை மனுஷன் பார்ப்பதே இல்லை. காதில் எதையோ செருகிக்கொண்டு தனியாகப் பேசியபடி போகிறார்கள். பெங்களூர் தொம்மலூரில் இந்த அபார்ட்மெண்ட் கேட்டில் பல வருஷமாக வாட்ச்மேனாக நிற்கிறேன். "அய்யாவு, சாப்பிட்டாயா?" என்று ஒருவரும் கேட்டதில்லை. அதே ஆட்கள் கேட்டில் படுத்திருக்கும் தெருநாயைக் குனிந்து கொஞ்சி, பிஸ்கட் போட்டு, போட்டோவும் எடுத்துக்கொள்வார்கள்.

நாய்க்கு ராகி என்று பெயர் வைத்தவள் மூன்றாம் மாடி நிருபமா. ஐந்தாம் வகுப்பு. சேலத்திலிருந்து புதிதாக வந்தவள். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு அறையில் கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். அவளுக்குத் துணை ராகி, ராகிக்குத் துணை அவள். எனக்கு? நான் கேட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.

ராகியின் பின்னங்காலில் ஒரு கட்டி வந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்தது. பக்கத்துத் தெரு நாய் டாக்டர் ஸ்ரீரஞ்சனியிடம் காட்டினோம்.

"கத்தி வெச்சா காலையே எடுக்க வேண்டி வரலாம்" என்றார் அவர். "புதுசா ஒரு மெஷின் வந்திருக்கு. காதுக்குக் கேக்காத ஒலியை ஒரே புள்ளியில குவிக்கும். பூதக்கண்ணாடியில வெயிலைக் குவிச்சா பேப்பர் கருகுதில்ல? அப்படி உள்ள இருக்கிற கட்டி மட்டும் வெந்துபோகும். தோலை வெட்ட வேண்டாம். இன்னும் சோதனைதான். குணமாகும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"சத்தத்துல கட்டி கரையுமா? அப்படின்னா இங்க அடிக்கிற ஹார்னுக்கு பெங்களூர்ல ஒருத்தனுக்கும் நோயே இருக்கக் கூடாதே" என்றேன்.

நிருபமா சிரித்துவிட்டாள்.

"மயக்க மருந்து தரணும். வெறும் வயிறா கூட்டிட்டு வாங்க. சாப்பிட்டிருந்தா, வாந்தி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஆபத்து."

அங்கேதான் சிக்கல். முதல் தடவை இட்லி வண்டி ஆஞ்சலா, "பாவம், பசியில பாக்குது" என்று இட்லி போட்டுவிட்டாள். டாக்டர் திருப்பி அனுப்பினார்.

இரண்டாம் தடவை நிருபமா ராகியின் கழுத்தில் அட்டை மாட்டினாள். 'எனக்குச் சாப்பாடு போடாதீர்கள்.' தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தாள். போகிறவர்கள் அட்டையைப் போட்டோ எடுத்தார்கள். "ஸோ க்யூட்!" என்றார்கள். பிறகு பன் போட்டார்கள்.

"இந்த வாரத்தோட மெஷின் வேற ஊருக்குப் போகுது. வெள்ளிக்கிழமை தப்பினா அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

நிருபமாவின் கண் கலங்கியது. மாடியில் நாயை விடமாட்டார்கள். என் அறையில் கட்டினால் ஊளையிடும். ஊளை கேட்டால் இன்னும் நாலு பேர் பிஸ்கட்டோடு வருவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, பெரிய டிபன் கேரியரோடு இறங்கி வந்து ராகியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு பாப்பா கேரியர்? பிக்னிக்கா?"

"போடாதீங்கன்னா யாரும் கேக்கல தாத்தா. அதான், போடுங்கன்னு சொல்லப் போறேன்."

ஆஞ்சலா வந்தாள். "ஒரே ஒரு இட்லி. ஸ்வல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ கண்ணு."

"இதுல போடுங்க ஆன்ட்டி. ராகி கண்ணு முழிச்சதும் உங்க இட்லியைத்தான் முதல்ல தருவேன்."

ஆஞ்சலா நாயைப் பார்த்தாள். கேரியரைப் பார்த்தாள். இன்னும் ரெண்டு இட்லி சேர்த்துப் போட்டாள். பன்காரர்களும் பிஸ்கட்காரர்களும் அப்படியே போட்டார்கள். எல்லாரிடமும், "உங்களோடதுதான் முதல்ல" என்றாள்.

"எத்தனை முதல் பாப்பா?"

"எல்லாத்தையும் சேத்துப் பிசைஞ்சிடுவேன் தாத்தா." கேரியரை என்னிடம் நீட்டினாள். "உங்க பையில இருக்கிற ரஸ்க்?"

"அது எனக்கு."

"தினமும் பாதி ராகிக்குத்தானே?"

முழுசாகவே போட்டேன்.

நிருபமாவின் அம்மா காரில் அவளும் ராகியுமாக மூவரும் போனார்கள். அன்று முழுக்கக் கேட்டில் ஒருவரும் நிற்கவில்லை. நாய் இல்லாத கேட்டில் நிற்க என்ன இருக்கிறது? காலியான அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ராகி தள்ளாடி இறங்கியது. காலில் முடி மழித்திருந்தது. ஒரு கீறல் இல்லை. கட்டியும் அப்படியே இருந்தது.

"பாத்தியா!" என்றேன்.

"பொறுங்க தாத்தா."

மழை மாதம் முடியும்போது டாக்டர் தடவிப் பார்த்தார். பட்டாணி அளவுதான் இருந்தது. திரையில் படமும் காட்டினார்.

"படத்துல என்ன வேணா காட்டலாம்மா. வீங்கினது வடியும். சத்தமாம்!" என்றேன்.

"நம்பவே மாட்டீங்களா?" என்றாள் நிருபமா.

வெளியே வந்தேன். பின்னால் கூச்சல் கேட்டுத் திரும்பினால், ராகி நாலு காலையும் ஊன்றி அவளைத் துரத்திக்கொண்டிருந்தது.

கால் இருக்கிறது. அது போதும். சத்தத்தால் என்பதைத்தான் நான் நம்பவில்லை. கேட்டைப் பார்த்து நடந்தேன்.