ஆறு வயதில் இறந்த அப்பா

போன் அலறியது.

இரும்பு அலமாரிகளில் மோதி மோதித் திரும்பி வந்தது சத்தம். அவள் எடுக்கவில்லை. வெறித்துப் பார்த்தாள்.

'அப்பா' என்றது திரை.

மேஜையில் விரிந்து கிடந்த இறப்புப் பதிவேடு வேறு சொன்னது. அதே பெயர். அதே பிறந்த தேதி. அதே தாய், அதே தகப்பன்.

காரணம்: டைபாய்டு. வயது... ஆறு!

"எடுத்துப் பேசுங்க, இல்ல அணைங்க. ஆபீஸ் இது" என்றார் பதிவறைக் குமாஸ்தா.

"எங்கப்பா சார்..."

"பேச வேண்டியதுதானே?"

"இவர்தான் சார்!" விரலால் பதிவேட்டைத் தொட்டாள்.

குமாஸ்தா குனிந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அவள் வேலை பார்க்கிற கடையில் வாங்கிய கண்ணாடிதான். பவரில் குறையில்லை.

"செத்து அம்பது வருஷம் ஆச்சு. அங்கேயும் டவர் கிடைக்குது போல!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் 'சென்சஸ்'. யாரைப் பார்த்தாலும் பிறந்த தேதி கேட்பாள். அம்மா இறந்ததும் பிடித்த பைத்தியம் அது... வம்சாவளி! அம்மா வழியில் இருநூற்றுப் பதினாலு பேரைப் பிடித்துவிட்டாள். வெளியே சொல்லாத இரண்டாவது கல்யாணங்கள் உட்பட.

அப்பா வழியில் ஒரே ஒருவர்தான். அப்பா.

"எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்கம்மா, விடு" என்பார் அவர்.

சென்சஸாவது, விடுவதாவது! பரணில் கிடைத்த அப்பாவின் இருபத்தைந்து வயதுப் படத்தை வம்சாவளி இணையதளத்தில் போட்டாள். 'இவரைத் தெரிந்தவர்கள் தொடர்பு கொள்ளவும்.'

ஒன்பதாம் நாள் ஒருவர் தொடர்பு கொண்டார். "நான் உன் சித்தப்பா. முதல்ல இறப்புப் பதிவேட்டைப் பாரு. அப்புறம் பேசலாம்."

பார்த்துவிட்டாள். இப்போது அவரைத்தான் அழைத்தாள்.

"சித்தப்பா... பார்த்துட்டேன்."

"நேரா சொன்னா நம்பியிருக்க மாட்டே. எங்கண்ணன் ஆறு வயசுல போயிட்டான்மா."

"அப்ப எங்க வீட்ல இருக்கறது...?"

"அதைத்தான் நானும் அந்த ஆள் முகத்தைப் பார்த்துக் கேக்கணும்." குரல் மென்மையாக இருந்தது. "அட்ரஸ் அனுப்பு. நாலு மணிக்கு வர்றேன். அதுவரை எதுவும் காட்டிக்காதே. அந்த ஆளை வீட்டை விட்டு வெளியே விடாதே."

அனுப்பினாள்.

மணி மூன்றரை.

அவள் வீடு திரும்பினாள். அப்பா பூட்டு, சாவி செய்கிற பூட்டுக்காரர். வாசல் கதவில் நாலு பூட்டு. தொழில் பெருமை என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அவர் யாருடனும் படம் எடுத்துக்கொள்ள மாட்டார். கூச்ச சுபாவம் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள்.

"மூணு தடவை போன் பண்ணேன். எங்க போனே?" சாவி வெட்டும் மெஷினிலிருந்து அவர் நிமிர்ந்தார். விரலெல்லாம் பித்தளைத் தூள். கையில் கூரான அரம்!

அவள் பின்வாங்கினாள். முதுகு கதவில் இடித்தது.

காட்டிக்கொள்ளக் கூடாது... கூடாது...

"நீங்க யாரு?"

வாய் முந்திக்கொண்டது!

"என்னம்மா கேள்வி இது?"

கைப்பையிலிருந்து நகலை எடுத்து எறிந்தாள். அது அவர் காலடியில் விழுந்தது. அவர் படித்தார்.

அரம் நழுவியது.

"இதைத் தேடச் சொல்லி யார் சொன்னா?"

"சித்தப்பா."

"எந்தச் சித்தப்பா?"

"உங்க தம்பி! அதாவது... செத்த பையனோட தம்பி!"

பூட்டுக்காரரின் முகம் வெளிறியது.

"அந்தப் பையனுக்குத் தம்பியும் இல்ல, தங்கச்சியும் இல்ல. ஒரே பிள்ளை. தேடி வர யாருமில்லன்னுதான் போலீஸ்ல அந்தப் பேரை எனக்குக் கொடுத்தாங்க!"

"போலீஸா?"

"இருபத்தஞ்சு வயசு எனக்கு. ஒருத்தன் சோப்புக்கட்டியில சாவி அச்சு எடுத்துட்டு வந்தான். எதுக்குன்னு கேக்காம வெட்டிக் கொடுத்தேன். அன்னிக்கு அந்தச் சாவியால திறந்த வீட்ல... மூணு பேர். கழுத்து." அவர் கீழே விழுந்த அரத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "கோர்ட்ல அவனைக் கைகாட்டினவன் நான் ஒருத்தன்தான். கூண்டுல நின்னு சொன்னான்... ஜெயில்லேர்ந்து வெளிய வந்ததும் முதல் வேலை நீதான்னு."

"அப்பா..."

"பேரு மட்டும்தான் இரவல். மத்தபடி உன் அப்பாதான். தம்பின்னு உன்கிட்ட பேசினது அவன்தான். அவனுக்கு அட்ரஸ் கொடுத்தியா?"

அவள் தலையாட்டினாள். அழுகை வெடித்தது.

"எப்ப வர்றான்?"

"நாலு மணிக்கு..."

மணி மூன்று ஐம்பத்திரண்டு.

பாய்ந்து போலீசுக்குப் போன் போட்டார். "வர்றோம், கால் மணி நேரம்" என்றது மறுமுனை. நாலு பூட்டையும் இழுத்துப் பூட்டினார். சாய்வு நாற்காலியை முட்டுக் கொடுத்தார். மகளின் கையைப் பிடித்தார்.

படியில் காலடிச் சத்தம்...

நின்றது.

வாசல் அழைப்பு மணி அடித்தது!

"பார்க்காதே" என்று கிசுகிசுத்தார் அப்பா. அவள் கதவின் கண்ணாடித் துளையில் கண் வைத்தாள்.

ஒரு மூக்கு.

மிகப் பெரிய மூக்கு.

"சென்சஸ்! கதவைத் திற! படியேறி முட்டி போச்சு!" என்றது.

"பெரியம்மா!" அம்மாவின் அக்கா.

"அண்ணி எதுக்கு இப்ப வந்தாங்க?"

"எனக்குத் தனியா இருக்கப் பயமா இருந்துச்சுப்பா... குடும்ப குரூப்ல போட்டுட்டேன். அப்பாவோட தம்பி கிடைச்சுட்டார், நாலு மணிக்கு எல்லாரும் வாங்கன்னு..."

படி முழுக்கச் சொந்தம். இருபத்திரண்டு தலைகள். அவற்றுக்கு நடுவே... நரைத்த, ஒட்ட வெட்டிய இருபத்து மூன்றாவது தலை. கையில் துணிப்பை.

அவளைத் தள்ளிவிட்டு அப்பா பார்த்தார். "அவன்தான்..."

வெளியே பெரியம்மா திரும்பிவிட்டார்.

"நீங்கதான் அந்தத் தம்பியா? ஜாடையே இல்லையே! அம்மா பேரு என்ன?"

சொன்னான். பதிவேட்டில் படித்த பெயர்.

"அவங்க கூடப் பொறந்தவங்க?"

"ரெண்டு... ரெண்டு மாமா."

"மூத்தவர் என்ன பண்றார்?"

"அவர்... ஒரு மாமாதான்."

"இப்பதானே ரெண்டுன்னீங்க? ஏன் இப்படி வேர்க்குது? கல்யாணம் ஆச்சா? ஆகலையா? ஏன் ஆகல? முப்பது வருஷமா அண்ணனைத் தேடாம என்னதான் பண்ணீங்க?"

அவன் ஒரு படி பின்னால் வைத்தான். பின்னால் படியே இல்லை. இரண்டு அத்தைகளும் ஒரு மாப்பிள்ளையும்தான் இருந்தார்கள்.

"பையைக் கொடுங்க மாமா, நான் வச்சுக்கறேன்" என்று மாப்பிள்ளை மரியாதையாக இழுத்தார்.

"விடு!"

"பரவாயில்ல, கொடுங்க!"

பை கிழிந்தது.

படியில் டணங்கென்று விழுந்தது... முழங்கை நீளக் கத்தி!



அவன் குனிந்தான். கை கத்தியைத் தொட்டது. மாப்பிள்ளை அவன் காலை வாரினார். குப்புற விழுந்தான்.

பெரியம்மா அலறவில்லை. உட்கார்ந்தார்... அவன் முதுகின் மேல்!

கால் மணி என்றவர்கள் அரை மணியில் வந்து விலங்கு மாட்டினார்கள். பெரியம்மாவைத் தூக்கிவிட மட்டும் இரண்டு கான்ஸ்டபிள் தேவைப்பட்டது.

இன்ஸ்பெக்டர் தலைகளை எண்ணினார்.

"இருபத்திரண்டு சாட்சி! எல்லாரும் கோர்ட்டுக்கு வரணும். யாருக்காவது பயமா இருந்தா சொல்லுங்க. பேரை மாத்தி, வேற ஊர்ல வச்சுக் காப்பாத்தறோம்."

அதற்குள் நாலாவது ஆளுக்குப் போன் போட்டு, "முதுகெலும்பு மளுக்குனுச்சுடி!" என்று கதை சொல்லிக்கொண்டிருந்த பெரியம்மாவை, பூட்டுக்காரர் நிதானமாகப் பார்த்தார்.

"என்னை ஒளிச்சு வச்சீங்க, சரி சார்... அண்ணியை எந்த ஊர்ல ஒளிப்பீங்க? பஸ்ஸை விட்டு இறங்கறதுக்குள்ள பழைய பேரு, புதுப் பேரு ரெண்டையும் கண்டக்டருக்கே சொல்லிடுவாங்களே!"